மழைக்கோட்டு, தாய்ப்பால், குடிதண்ணீர்: அழியா ரசாயனங்களில் எதற்குப் பயப்படணும், எதை விட்டுவிடலாம்?

தூங்காத_அம்மா கேட்டது:

வணக்கம். பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவளுக்கு மூன்று வயது. சின்னவனுக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் மட்டும்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அவனை மடியில் போட்டுக்கொண்டு போனில் எதையாவது படிப்பது என் கெட்ட பழக்கம். அந்த நேரத்தில் படித்தால் எதுவுமே பகலில் இருப்பதைவிட இரண்டு மடங்கு பயமுறுத்தும். தெரிந்தும் படிப்பேன்.

போன வாரம் மாட்டியது பிஃபாஸ் என்ற அழியா ரசாயனக் குடும்பம். ஒட்டாத வாணலி, தண்ணீர் இறங்காத துணி, கறை பிடிக்காத தரைவிரிப்பு, எண்ணெய் ஊறாத காகிதம் என்று எல்லாவற்றிலும் இருக்கிறதாம். உடம்புக்குள் போனால் வெளியே வர வருஷக்கணக்கில் ஆகுமாம். "தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகிறது" என்ற வரியைப் படிக்கும்போது அவன் குடித்துக்கொண்டிருந்தான்.

காலையில் எழுந்ததும் நான்ஸ்டிக் வாணலியைக் குப்பையில் போட்டேன். வீட்டுக்காரர் எடுத்துக் கழுவித் திரும்பவும் மாட்டிவைத்தார். மறுபடி போட்டேன். அப்புறம் பிளாஸ்டிக் டப்பாக்கள். அப்புறம் மூத்தவளின் மஞ்சள் மழைக்கோட்டு. அதை மட்டும் போட முடியவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. மழையே இல்லாத நாளிலும் அதைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்து இடது கை விளிம்பைச் சப்பிக்கொண்டிருப்பாள். அந்த விளிம்பு மட்டும் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. உள்ளே லேபிளில் "பிஎஃப்ஓஏ இல்லை" என்று போட்டிருக்கிறது. அது பிஃபாஸில் ஒன்றாம். அது போதுமா?

இன்னும் கேட்கிறேன். பால் கொடுப்பதை நிறுத்தணுமா? தண்ணீரை இருபது நிமிஷம் கொதிக்கவைக்கிறோம், அதில் போய்விடுமா? குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கணுமா?

"எல்லாத்தையும் தூக்கிப் போடு", "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்ற இரண்டு பதிலும் வேண்டாம். இரண்டுமே வீட்டில் கிடைக்கிறது.

மூணு_பிள்ளை_அப்பன் எழுதியது:

வேண்டாம்னு சொன்ன பதிலைத்தான் சொல்லப்போறேன், கோச்சுக்காதீங்க. நாமெல்லாம் என்ன கண்ணாடிப் பெட்டிக்குள்ளயா வளர்ந்தோம்? நான்ஸ்டிக் மேல இருக்கிற டெஃப்லான் 1938-ல கண்டுபிடிச்சது. காலுக்குப் போற ரத்தக்குழாய் கெட்டுப்போனா அதே பொருள்ல செஞ்ச குழாயைக்கூட உடம்புக்குள்ள வெச்சுத் தைக்கிறாங்க. அப்படியே துணுக்கு பேந்து வயித்துக்குள்ள போனாலும் ஜீரணமாகாம வந்த வழியே போயிடும். நல்ல வாணலியைக் குப்பையில போட்டதுதான் மிச்சம்.

உங்க வீட்டுக்காரர் பக்கம் என் ஓட்டு.

காலி_பாட்டில் எழுதியது:

சகோ, தண்ணீரில் பிஃபாஸ் அளப்பதுதான் ஒன்பது வருஷமாக என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எங்கள் தொழிலின் ஒரு வேடிக்கை. ஆற்றிலோ கிணற்றிலோ மாதிரி எடுக்கப் போகிற ஆள் மழைக்கோட்டு போடக்கூடாது. மழை எப்படிக் கொட்டினாலும் நனைந்துகொண்டேதான் பாட்டிலை நிரப்பணும். துணி மென்மையாக்கும் திரவத்தில் அலசிய சட்டை, ஈரம் புகாத பூட்ஸ், ஒட்டுக்காகிதம் எதற்கும் அனுமதி கிடையாது. மாதிரி பிடிப்பது பாலிப்புரொப்பிலீன் பாட்டிலில், மூடிக்குள் டெஃப்லான் வளையம் இருக்கக்கூடாது. ஒரு தடவை சுத்தமான தண்ணீர் நிரப்பி எடுத்துப்போன வெற்று பாட்டிலிலேயே பிஎஃப்ஓஏ காட்டியது. மூன்று வாரம் கருவியைக் கழற்றிக் கழற்றி மாட்டினோம். கடைசியில் பார்த்தால் புதிதாக வந்த ஒரு பெட்டி பாட்டில்களின் மூடிக்குள் மெல்லிய வெள்ளை வளையம். என் பெயர் 'காலி_பாட்டில்' ஆனது அன்றைக்குத்தான்.

இத்தனை கெடுபிடி எதற்கென்றால், நாங்கள் எண்ணுவது நானோகிராமில். ஒரு லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது இருபது ஒலிம்பிக் நீச்சல்குளத் தண்ணீரில் ஒரு சொட்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் 2024-இல் குடிநீரில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்ற இரண்டு பிஃபாஸ்களுக்கும் போட்ட வரம்பு லிட்டருக்குத் தலா 4 நானோகிராம். இவ்வளவு துளியூண்டுக்கு ஏன் இவ்வளவு கவலை? அது போகாமல் சேர்ந்துகொண்டே வருவதால்தான்.

இங்கேதான் நீங்கள் வாணலியையும் டப்பாவையும் கோட்டையும் ஒரே குப்பைக்கூடையில் போட்டுவிட்டீர்கள். பிளாஸ்டிக் டப்பா என்றாலே பேசப்படும் பிஸ்பீனால் ஏ, தாலேட் எல்லாம் உடம்பில் சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள் இருந்துவிட்டுச் சிறுநீரில் போய்விடும். தினமும் புதிதாக வருவதால்தான் தினமும் தென்படுகிறது. வருவதை நிறுத்தினால் அந்த வாரமே இறங்கிவிடும். சூடான சாப்பாட்டைப் பிளாஸ்டிக்கில் கொட்டாதீர்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிஃபாஸின் சங்கதி வேறு. கார்பனும் ஃபுளோரினும் கைகோத்த பிணைப்பை அறுக்க நம் உடம்பில் எந்த நொதியும் இல்லை. டிடிடி மாதிரி கொழுப்பில் போய் உட்காராமல் இது ரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றும். சிறுநீரகம் வெளியே தள்ளப் பார்க்கும், வழியிலேயே பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே பிஎஃப்ஓஏவுக்கு இரண்டு மூன்று வருஷம், பிஎஃப்ஓஎஸ்ஸுக்கு அதைவிடக் கூடுதல். இன்றைக்கு உள்ளே போனதில் ஒரு பங்கு உங்கள் பெண் பள்ளிக்கூடம் சேரும்போதும் அவளோடு போகும்.

குழந்தைக்கு ஏன் அதிகம் என்று கேட்டால் கொஞ்ச நேரம் தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்து பாருங்கள். தரைவிரிப்பின் பஞ்சு, சோபாவின் நுரை, துணிகளின் பூச்சு எல்லாம் உதிர்ந்து தூசியாகத் தரையில்தான் இறங்குகிறது. அவள் தவழ்வதும் உருள்வதும் அங்கே. விரல் அடுத்த நிமிஷம் வாயில். எடைக்கு எடை பார்த்தால் நம்மைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறாள், கூடுதலாக மூச்சு விடுகிறாள். நுரையில் சேர்க்கும் பிபிடிஇ என்ற தீத்தடுப்பு ரசாயனத்தை வைத்து வட கரோலினாவில் ஓர் ஆய்வு நடந்தது. மழலைகளின் உள்ளங்கையைத் துணியால் துடைத்து அளந்தார்கள், ரத்தத்தையும் அளந்தார்கள். கையில் அதிகம் இருந்த குழந்தைக்கு ரத்தத்திலும் அதிகம். சாப்பாட்டுக்கு முன் கை கழுவச் சொன்ன பாட்டிக்கு இது தெரியாது, ஆனால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

பாதிப்பு என்று பார்த்தால் எனக்கு நெருடுவது தடுப்பூசி விஷயம்தான். ஃபரோ தீவுகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. ரத்தத்தில் பிஃபாஸ் இரட்டிப்பாக இருந்த பிள்ளைகளுக்கு டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசி போட்டதால் உண்டாகும் எதிர்ப்பொருள் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் வரம்பு போடும்போது குழந்தைகளின் இந்த எதிர்ப்பாற்றலைத்தான் அளவுகோலாக எடுத்தது. நான்கு பிஃபாஸ்கள் சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 4.4 நானோகிராம். பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு வாரத்துக்குச் சுமார் 53 நானோகிராம். லிட்டருக்கு 4 நானோகிராம் இருக்கிற தண்ணீரைத் தினம் ஒரு லிட்டர் குடித்தாலே 28 போச்சு.

அதனால் உங்கள் வீட்டில் நான் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், பிஃபாஸ் சாகாது. அந்தப் பிணைப்பு உடைய ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். உங்கள் பாத்திரத்தில் நூறு டிகிரியில் தண்ணீர் மட்டும் ஆவியாகிறது, பிஃபாஸ் கீழே நிற்கிறது. இருபது நிமிஷம் கழித்து அது கொஞ்சம் கூடுதல் அடர்த்தியாகத்தான் இருக்கும். கிருமிக்காகக் காய்ச்சுகிறீர்களா, தண்ணீர் கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். பிஃபாஸுக்கு ஆர்.ஓ. வடிகட்டி நன்றாக வேலை செய்யும், ஆக்டிவேட்டட் கார்பனும் செய்யும். கார்பனில் ஒரு சிக்கல்: காலம் தவறாமல் மாற்றணும். நிரம்பிப்போன கார்பன், பிடித்ததைத் திரும்ப விட ஆரம்பித்துவிடும்.

ஆனால் வாங்க ஓடாதீர்கள். தண்ணீர் தருபவர்களிடம் பிஃபாஸ் பரிசோதனை முடிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்தில் விமான நிலையம், தீயணைப்புப் பயிற்சி மைதானம், ரசாயன ஆலை, பெரிய குப்பைமேடு ஏதாவது இருந்தால் கட்டாயம் கேளுங்கள். பெட்ரோல் தீயை அணைக்கும் நுரையில் இது வண்டி வண்டியாகக் கொட்டப்பட்டது.

வாணலி விஷயத்தில் மேலே எழுதியவர் சொன்னது பெரும்பாலும் சரி. அந்த மெல்லிய பூச்சு பேசாமல்தான் இருக்கும். வெறும் வாணலியை அடுப்பில் மறந்துவிட்டால்தான் ஆபத்து. 260 டிகிரி தாண்டினால் பூச்சு சிதைய ஆரம்பிக்கும், அந்தப் புகையில் கூண்டுப்பறவைகள் செத்துவிழுந்திருக்கின்றன. அவர் விட்டுவிட்டது, அந்தப் பூச்சைச் செய்யும்போது பல ஆண்டுகள் பயன்படுத்திய பிஎஃப்ஓஏவை. ஆலைக்குப் பக்கத்தில் தண்ணீர் குடித்தவர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள். மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 69,000 பேரைப் பரிசோதித்து, சிறுநீரகப் புற்று, விதைப்பை புற்று, தைராய்டு கோளாறு உள்பட ஆறு நோய்களோடு தொடர்பு இருக்க வாய்ப்பு உண்டு என்று 2012 வாக்கில் முடிவு சொன்னார்கள். 2023-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு பிஎஃப்ஓஏவை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் பிரிவிலேயே சேர்த்தது.

கடைசியாகக் கோட்டு. "பிஎஃப்ஓஏ இல்லை" என்றால் ஆயிரக்கணக்கான உறவுக்காரர்களில் ஒருவர் மட்டும் வீட்டில் இல்லை என்று அர்த்தம். "பிஃபாஸ் இல்லை" என்று போட்டிருந்தால்தான் கணக்கு. லேபிளை விடுங்கள், ஒரு சோதனை சொல்கிறேன். துணியைத் தட்டையாக விரித்து ஒரு சொட்டு தண்ணீர், பக்கத்தில் ஒரு சொட்டு சமையல் எண்ணெய். தண்ணீர் முத்தாக நிற்கிறதென்றால் அது மெழுகாகவும் இருக்கலாம், சிலிக்கோனாகவும் இருக்கலாம். எண்ணெயும் முத்தாக நின்றால் பெரும்பாலும் ஃபுளோரின் பூச்சு, ஏனென்றால் மற்றவற்றால் எண்ணெயைத் தள்ள முடியாது. பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். வழவழவென்று பிளாஸ்டிக் மாதிரி இருக்கும் கோட்டில் இது செல்லாது, துணிக்கு மட்டும்.

செய்து பார்த்து எழுதுங்கள்.

மூணு_பிள்ளை_அப்பன் எழுதியது:

பிஎஃப்ஓஏ விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா ஒரு சந்தேகம் பாட்டில் சார். இவ்வளவு கெட்டதுன்னா நம்ம தலைமுறைக்கு ஏன் எதுவும் தெரியலை? ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வெச்சா அதுவும் இப்படித்தான் இருக்கும்னு என்ன நிச்சயம்?

காலி_பாட்டில் எழுதியது:

இரண்டாவது கேள்வி நான் ராத்திரி தூங்காமல் கேட்டுக்கொள்வது.

1970-களில் அமெரிக்காவில் குழந்தைகளின் இரவுடை எளிதில் தீப்பிடிக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. நல்ல எண்ணம்தான். உடனே துணியில் டிரிஸ் என்ற, புரோமின் உள்ள தீத்தடுப்பு ரசாயனத்தை ஏற்றினார்கள். ஆர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்ற இருவர் அது மரபணுவைச் சிதைக்கக்கூடியது என்று 1977-இல் எழுதினார்கள். அந்த ஆண்டே இரவுடையில் தடை. அதைப் போட்டுக்கொண்டு தூங்கிய குழந்தைகளின் சிறுநீரில் டிரிஸ் சிதைந்த பொருள் இருந்ததை அடுத்த வருஷம் காட்டினார்கள். தோல் வழியாகவே உறிஞ்சியிருக்கிறது. புரோமினை எடுத்துவிட்டு குளோரின் போட்ட டிரிஸ் அதன் இடத்துக்கு வந்தது. அதிலும் அதே கோளாறு, இரவுடையிலிருந்து அதுவும் வெளியேறியது. வெளியேறி எங்கே போனது என்று 2011-இல் தெரிந்தது. கைக்குழந்தைகளின் மெத்தை, இருக்கைகளுக்குள் இருக்கும் நுரையை வாங்கி ஆராய்ந்தபோது அதிகமாகத் தட்டுப்பட்ட தீத்தடுப்பு ரசாயனம் அதே குளோரின் டிரிஸ்.

பிஎஃப்ஓஏ போன இடத்தில் ஜென்எக்ஸ் என்ற இன்னொரு பிஃபாஸ் வந்து, அது வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றுத் தண்ணீரில் கலந்து 2017-இல் பெரிய பிரச்சினை ஆனதும் இதே கதைதான்.

"நமக்கு ஏன் தெரியலை" என்பதற்கு என் தொழில்தான் பதில். அன்றைக்கு இவ்வளவு சின்ன அளவை அளக்கக் கருவி கிடையாது.

நல்ல சேதியும் ஒன்று உண்டு, அதை யாரும் பரப்புவதில்லை. தயாரிப்பாளர் ஒருவர் 2000-இல் பிஎஃப்ஓஎஸ்ஸை நிறுத்துவதாக அறிவித்தார். அழியா ரசாயனங்களைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் போட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-இல் அதைப் பட்டியலில் சேர்த்தது, 2019-இல் பிஎஃப்ஓஏவையும். அமெரிக்கர்களின் ரத்தத்தில் 1999-க்கும் 2018-க்கும் நடுவே பிஎஃப்ஓஎஸ் 85 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது, பிஎஃப்ஓஏ 70 சதவீதத்துக்கும் மேல். யாரும் வாணலியைக் குப்பையில் போட்டதால் குறையவில்லை, குழாயை மூலத்திலேயே அடைத்ததால் குறைந்தது.

ஓய்வுபெற்ற_செவிலி எழுதியது:

அம்மாடி, ரசாயனமெல்லாம் தம்பி சொல்லட்டும். உன் முதல் கேள்விக்கு இன்னும் யாருமே பதில் சொல்லலையே, அதுக்குத்தான் வந்தேன்.

பாலை நிறுத்தாதே. முப்பத்தோரு வருஷம் பிரசவ வார்டுல இருந்தவ சொல்றேன். பால்ல இருக்குதுங்கறது உண்மைதான், மறைக்கலை. நீ கொடுக்கக் கொடுக்க உன் உடம்புல இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமா பிள்ளைக்குப் போகும். மூத்ததுக்கு அதிகமாப் போயிருக்கும், அடுத்ததுக்குக் குறைவு. இதைக் கேட்டதும் மூத்தவளை நெனச்சு அழ ஆரம்பிச்சிடாதே. உன்னோட எதிர்ப்புச் சத்தும் அதே பால்லதான் போச்சு, போகுது. அது மாவுப்பால்ல வராது. அதோட மாவைக் கரைக்க நீ எந்தத் தண்ணியை எடுப்பே? தம்பி சொன்ன அதே தண்ணியைத்தானே? உலகச் சுகாதார நிறுவனம் ஆறு மாசம் பால் மட்டும், அப்புறம் மத்ததோட சேர்த்து ரெண்டு வருஷமோ அதுக்கு மேலயோன்னு சொல்றதை இத்தனைக்கும் அப்புறமும் மாத்தலை.

இன்னொண்ணு கேளு. ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம்ல ஒரு தாய்ப்பால் நிலையம் இருக்கு. அங்க அம்மாக்கள் கொடுத்த பாலை வருஷா வருஷம் உறையவெச்சு எடுத்துவெச்சிருந்தாங்க. பின்னாடி அதை எடுத்து சோதிச்சுப் பார்த்தா, டிடிடி, பிசிபிங்கற இன்னொரு அழியா ரசாயனம் எல்லாம் தடைபோட்ட பிறகு குறைஞ்சுகிட்டே வந்திருக்கு. ஆனா தம்பி சொன்னாரே பிபிடிஇ, அது 1972-லேர்ந்து 1997 வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ரெட்டிப்பாகியிருக்கு. அதைப் பார்த்துத்தான் எல்லாரும் அலறினாங்க. அதுக்கப்புறம் அந்தப் பொருளை நிறுத்த நிறுத்தப் பால்லயும் இறங்கிடுச்சு. பாலைக் குடிக்கவேண்டாம்னு யாரும் சொல்லலை. பால் சாட்சி சொல்லுச்சு. சாட்சி சொன்னதுக்காக அதைத் தண்டிக்காதே.

நீ குடிக்கிற தண்ணியைப் பாரு. பிள்ளைக்கு அதுதான் போகும். ராத்திரி போனை வேற ரூம்ல வை.

தூங்காத_அம்மா எழுதியது:

செவிலி அம்மா, ரொம்ப நன்றி. மூத்தவளை நினைத்து அழ ஆரம்பித்திருந்தேன், அடுத்த வரியைப் படித்துவிட்டு நிறுத்தினேன்.

எண்ணெய்ச் சோதனை செய்துவிட்டோம். செய்தோம் என்றால் நானும் அவளும். தரையில் காகிதம் விரித்து, கோட்டு, அவள் பை, சோபா உறை, என் பழைய குளிர்ச்சட்டை எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டோம். சொட்டு வைப்பது அவள் வேலை. சோபா உறையில் இரண்டு சொட்டும் உடனே ஊறிவிட்டது. கறை போகவில்லை, அது தனிக் கதை. பையில் தண்ணீர் நின்றது, எண்ணெய் மெல்லப் பரவி இறங்கிவிட்டது. குளிர்ச்சட்டையிலும் அப்படியே. மஞ்சள் கோட்டில் எண்ணெய் கண்ணாடிக்குண்டு மாதிரி உருண்டு நின்றது. பத்து நிமிஷம் ஆனது, கால் மணி ஆனது, அப்படியே நின்றது. சாய்த்ததும் ஓடிக் கீழே விழுந்தது. "மேஜிக் கோட்டு" என்று கைதட்டினாள்.

சப்பிச் சப்பி வெளுத்த அந்த இடது விளிம்பில் வைத்தால் மட்டும் எண்ணெய் ஊறிவிட்டது. அங்கே இருந்த பூச்சு எங்கே போனது என்று யோசித்ததும் வயிற்றைக் கலக்கியது அண்ணா.

ரத்தப் பரிசோதனை செய்யலாமா? கோட்டை என்ன செய்வது? அக்கா மகளுக்குக் கொடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன், இப்போது கொடுக்க மனசு வரவில்லை.

காலி_பாட்டில் எழுதியது:

விளிம்பில் மட்டும் ஊறியதா? ஒன்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமான ஒப்பீட்டுச் சோதனை நான் செய்ததில்லை. ஆனால் அவசரப்பட்டுக் கணக்குப் போடாதீர்கள். உதிர்ந்ததெல்லாம் அவள் வயிற்றுக்குத்தான் போனது என்று இல்லை. துவைக்கும்போதும் போகும், சுவரில் உரசும்போதும் போகும். பூச்சில் பெரும்பகுதி பெரிய சங்கிலி மூலக்கூறு, அதிலிருந்து சின்னத் துண்டுகள் மெதுவாகத்தான் கழலும். சப்புவதை நிறுத்தினால் இந்த வாசல் அடைபட்டது. மழைக்குப் போட்டுக்கொண்டு கழற்றி மாட்டுவதால் பெரிதாக எதுவும் ஏறாது, அதற்காக அழவைக்கவேண்டாம்.

ரத்தப் பரிசோதனை பற்றி: அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2022-இல் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி போட்டார்கள். சில பிஃபாஸ்களைக் கூட்டி மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழ் என்றால் கவலை வேண்டாம், 20-க்கு மேல் என்றால் கூடுதல் பரிசோதனைகள், நடுவில் இருந்தால் கொழுப்பு அளவு மாதிரி சிலவற்றைப் பார்க்கச் சொல்கிறது. சோதித்து எண் வந்தாலும் அதை இறக்க மருந்து கிடையாது. தண்ணீரில் இருப்பதாகத் தெரிந்தால் மருத்துவரிடம் பேசுங்கள். ஒரு கோட்டுக்காக மூன்று வயதுக் குழந்தையை ஊசியால் குத்தவேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கோட்டை எங்கே போடுவது என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. குப்பையில் போட்டால் குப்பைமேட்டுக்குப் போகும், அதன் அடியில் ஊறி வடிகிற தண்ணீரில் நாளைக்கு நானே அதை அளப்பேன். எரித்தால் சாதாரணத் தீயின் சூடு போதாது. வீட்டில் இருக்கட்டும். நஞ்சு வாங்கிவிட்டோம் என்று குமைய வேண்டாம், அடுத்து வாங்கும்போது எண்ணெய்ச் சொட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுத் தரையை ஈரத்துணியால் துடையுங்கள், உலர்ந்த துடைப்பம் தூசியைக் கிளப்பி இடம்தான் மாற்றும். தரைவிரிப்பு இருந்தால் அதைத்தான் முதலில் சுருட்டச் சொல்வேன், வாணலியை அல்ல.

மூணு_பிள்ளை_அப்பன் எழுதியது:

நேத்து ராத்திரி என் வீட்லயும் எண்ணெய் சொட்டு வெச்சோம். கடைக்குட்டி விளையாடற தரைவிரிப்புல நின்னுடுச்சு. சுருட்டி மாடிப்படிக்குக் கீழ வெச்சிருக்கேன். என் ஓட்டை வாபஸ் வாங்கலை, வாணலிக்கு மட்டும்னு திருத்திக்கறேன்.

தூங்காத_அம்மா எழுதியது:

தண்ணீர் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். "உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது" என்று பதில் வந்திருக்கிறது. உரிய பிரிவு எது என்று கேட்டு மறுபடி எழுதினேன். தண்ணீரை இப்போது கொதி வந்ததும் இறக்கிவிடுகிறோம். வாணலி பழைய ஆணியில் தொங்குகிறது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

கோட்டின் இரண்டு கை விளிம்பிலும் என் பழைய பருத்திப் புடவையில் நாலு விரல் அகலத்துக்குப் பட்டை வெட்டி மடித்துத் தைத்துவிட்டேன். காலையில் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். முகர்ந்து பார்த்தாள். இப்போது மூலையில் உட்கார்ந்து அந்தப் புடவைத் துணியைச் சப்பிக்கொண்டிருக்கிறாள்.